ஜோர்தானில் விபத்தா? பணக் கவரோடு போய் நிற்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. ஜோர்தானில் லாரி ஓட்டும் நம்மவர் ஒருவரின் வண்டி மோதி ஒரு முதியவர் இறந்துவிட்டார். மறுநாளே கூட வேலை பார்ப்பவர்கள் பணம் திரட்டி, கவரில் போட்டு, துக்க வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். அடிபடாமல் திரும்பியதே பெரிது. இத்தகைய வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராகக் கெஞ்சிக் கேட்கிறேன், இனி யாரும் இதைச் செய்யாதீர்கள்.

"பதூயின்களிடம் (அரபுப் பாலைவனப் பழங்குடியினர்) ரத்தப்பணத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது" என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! அவர்கள் வழக்கத்தில் பணப் பேச்சு கடைசியில்தான் வரும். இறப்புக்குப் பின் மூன்று நாளும் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் ரத்தம் கொதிக்கும் காலம். அப்போது எதிர்த்தரப்பு கண்ணில் படவே கூடாது. முதலில் கேட்க வேண்டியது 'அத்வா', அதாவது பழிவாங்காமல் பொறுத்திருப்பதற்கான காலக்கெடு. அதைக் கேட்க 'ஜாஹா' என்ற பெரியவர்கள் குழு போகும். முன்னால் வைத்த காப்பியை, கேட்டது கிடைக்கும்வரை குழுத்தலைவர் தொடமாட்டார். பழிவாங்கல் நடக்காது என்பதற்கு ஒருவரும், ஒப்புக்கொண்டது வந்துசேரும் என்பதற்கு ஒருவரும் ஜாமீன் நிற்பார்கள். ஜாமீன்தாரரின் வாக்கை மீறினால் அது தனிக் குற்றம். கவரை நீட்டுபவருக்கு யார் ஜாமீன்? அந்தக் குடும்பம் எதற்குக் கட்டுப்பட வேண்டும்? முறையாக வந்த ஜாஹாவுக்கு மதிப்புக் கொடுத்து, தொகையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ! அந்த வாசலைத்தான் நாமே அடைத்துவிடுகிறோம்.

அத்வா கிடைத்ததும் "ஊருக்குக் கிளம்பலாமா சார்?" என்று போன் வரும். முடியாது. அந்தக் கெடு தீரும், புதுப்பிக்க வேண்டும். 'சுல்ஹ்' என்ற சமாதானம் தனி. அதுவும் முடிந்தாலும் நீதிமன்றம் இருக்கிறது. பழங்குடிச் சட்டங்களை ஜோர்தான் 1976-லேயே ரத்து செய்துவிட்டது. வழக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது. குடும்பம் மன்னித்தால் தண்டனை குறையலாம், அரசின் வழக்கு தானாக மறைந்துவிடாது.

விபத்து நடந்தால் ஓடாதீர்கள், நேரே காவல்துறையிடம் போங்கள். உங்களை உள்ளே வைப்பது பல நேரம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான். ஜாஹாவுக்கு ஏற்பாடு செய்யும்படி முதலாளியைக் கேளுங்கள், நண்பர்களை அனுப்பாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் எந்தத் தொகையும் பேசாதீர்கள். அத்வாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. அதனால் பத்திரத்தை மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.