போகி: பூச்சாண்டியிலிருந்து ஒருமிகை வரை

கோல்ஃபில் தேர்ந்தவர் ஒவ்வொரு குழிக்குள்ளும் பந்தை எத்தனை அடியில் போட வேண்டும் என்று ஓர் எண் குறித்திருப்பார்கள், அதுதான் பார். அதைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக எடுத்து முடித்தால் அது போகி. பார் 4 குழியில் 5, பார் 3 குழியில் 4. ரயில் பெட்டியைச் சொல்கிற போகிக்கும் இதற்கும் உறவு கிடையாது, யோகிக்கு எதிராக நிறுத்துகிற நம் போகிக்கும் கிடையாது. ஆனாலும் 18 குழியிலும் போகி போட்டு முடிக்கிற ஆளை நான் சுகபோகி என்றுதான் சொல்வேன்.

சொல் பிறந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் 1890 வாக்கில் கோவென்ட்ரி கிளப்பின் செயலர் ஹ்யூ ரோதரம் ஒரு யோசனை சொன்னார்: நல்ல ஆட்டக்காரர் பிசகில்லாமல் ஆடினால் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி ஆகுமோ அதை எழுதி வைத்துக்கொண்டு, ஆளோடு மோதாமல் அந்த எண்ணோடு மோதலாமே என்று. கிரேட் யார்மவுத் கிளப்பின் செயலர் டாக்டர் பிரௌன் அதைத் தன் இடத்தில் கொண்டுவந்தார். அந்தச் சமயம் ஊரெல்லாம் போகிமேன், அதாவது பூச்சாண்டி, வருவதைப் பற்றிய ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிடம் தோற்றுப்போன மேஜர் வெல்மன் என்பவர் பிரௌனிடம், உங்கள் ஆள் அசல் போகிமேனாக இருக்கிறானே என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. (ஸ்காட்லாந்துப் பேச்சில் போகிள் என்றால் பேய், வேர் அந்தப் பக்கம்தான்.) 1892-ல் கோஸ்போர்ட்டில் இருந்த யுனைடெட் சர்வீசஸ் கிளப்புக்கு இந்த ஆட்டம் போனபோது அங்கே உறுப்பினர் எல்லாருமே பதவி வகித்த படைக்காரர்கள், போகி என்கிற கண்ணுக்குத் தெரியாத உறுப்பினர் மட்டும் பதவியில்லாமல் இருந்தால் எப்படி என்று அவரைக் கர்னல் ஆக்கிவிட்டார்கள். கர்னல் போகி! ஒருநாளும் பிசகாத, கோபமே வராத, தோற்கடிக்கச் சிரமமான மனிதர்.

இந்தக் கதையில் நம்மைப் போன்ற 15, 20, 25 ஹேண்டிகேப்காரர்கள் (ஹேண்டிகேப் என்பது ஒருவர் நன்றாக ஆடினால் பாருக்கு ஏறத்தாழ எத்தனை அடி மேலே எடுப்பார் என்பதைக் காட்டும் எண்) கவனிக்க வேண்டியது, போகி அன்றைக்கு நல்ல ஆட்டக்காரரின் எண்ணாக இருந்தது என்பதைத்தான்.

அப்புறம் எப்படித் தரம் இறங்கியது? பார் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. பார் என்ற சொல் பங்குச் சந்தையிலிருந்து வந்தது, பங்கின் சம மதிப்பைச் சொல்வது. 1870-ல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கு முன்னால் டோல்மன் என்கிற எழுத்தாளர் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது, அங்கிருந்த 12 குழிகளையும் குறையில்லாமல் ஆடினால் 49 என்றார்கள்; மூன்று சுற்றுக்கு 147. இளைய டாம் மோரிஸ் அன்றைக்கு 149 எடுத்து ஜெயித்தார், அதாவது ஜெயித்தவரே இரண்டு அதிகம். பின்னால் ரப்பர் உள்ளீடு வைத்த பந்து வந்தது, பந்து தூரம் போனது, தேர்ந்தவர்களின் ஸ்கோர் குறைந்தது, 1911-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் குழியின் நீளத்தை வைத்து பாரை வரையறுத்தது. போகி எண்கள் பழையபடியே நின்றுவிட, அமெரிக்கர்கள் அந்தப் பெயரைப் பாருக்கு ஒன்று மேலே உட்காரவைத்தார்கள். பாருக்கு இரண்டு மேலே போனால் டபுள் போகி, அது அதற்கும் பிறகு வந்த பெயர், சொல்லின் வேரைப் பிடித்துப் பார்த்தால் இரட்டைப் பூச்சாண்டி.

தேர்ந்தவர்களுக்காக நடந்த மாற்றம் இது. நமக்குப் பழைய பொருள்தான் இன்னும் சரி. இன்றைய ஹேண்டிகேப் முறையில்கூட மைதானங்களை அளக்கும்போது 'போகி கோல்ஃபர்' என்று ஒருவரைக் கணக்கில் வைக்கிறார்கள்: ஆண்களில் ஹேண்டிகேப் 20 வாக்கில் இருப்பவர், டீயிலிருந்து, அதாவது குழியின் தொடக்க இடத்திலிருந்து, 200 கஜம் அடிப்பவர், 370 கஜக் குழியை இரண்டு அடியில் எட்டுபவர். இவருக்கும் ஹேண்டிகேப் பூஜ்யக்காரருக்கும் அந்த மைதானம் எவ்வளவு வித்தியாசமாக இருக்கும் என்பதிலிருந்துதான் ஸ்லோப் எண்ணே, அதாவது சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்று காட்டும் எண், வருகிறது.

சரி, ஸ்கோருக்கு வருவோம். என் அட்டை ஒன்று: மூன்று குழியில் பார், ஒன்பதில் போகி, நான்கில் டபுள், மீதி இரண்டு குழியிலும் பாருக்கு நான்கு மேலே. பார் 72 மைதானத்தில் 97. அந்த இரண்டு குழியையும் டபுளோடு நிறுத்தியிருந்தால் 93, வேறெதுவும் மாற வேண்டியதில்லை. ஒரு குழி ஞாபகம் இருக்கிறது, 390 கஜம், பார் 4. முதல் அடி வலப்பக்க மரங்களுக்குள் போய்விட்டது, இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி, அதற்கப்பால் கிரீன், குழி இருக்கும் குட்டைப் புல்தரை, தெரிகிறது. தெரிந்ததுதான் வினை. அடித்தேன், பந்து மரத்தில் பட்டு எனக்குப் பின்னால் போய் விழுந்தது, முடியும்போது 8. பக்கவாட்டில் ஃபேர்வேக்கு, அதாவது நடுவே வெட்டிவிட்ட புல்பாதைக்கு, தட்டியிருந்தால் அது 2, அங்கிருந்து கிரீனுக்கு 3, கிரீனில் பந்தை உருட்டுகிற பட் இரண்டு, மொத்தம் 5. போகி. அந்த நிமிடத்தில் 'போகியா, சே' என்று நினைத்ததற்கு மூன்று அடி விலை.

அதனால் இப்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் பாரைப் பார்ப்பதே இல்லை, எல்லாவற்றோடும் ஒன்று சேர்த்துப் பேனாவால் எழுதிவிடுகிறேன். 4 எல்லாம் 5, மொத்தம் 90. நீளமான பார் 4-ல் மூன்றாவது அடியில் கிரீனுக்குப் போனால் போதும் என்று தெரிந்தால் இரண்டாவது அடிக்குப் தூரம் அடிக்கிற பெரிய வுட் மட்டையை எடுக்கும் ஆசை தானாக அடங்கும். தூரப் பட்டுகளை விழவைக்கப் பார்க்காமல் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கிறேன், ஒரே கிரீனில் மூன்று பட் ஆவது குறைந்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? கோல்ஃபுக்குக் குழிப்பந்தாட்டம் இருக்கிறது. போகிக்குப் பூச்சாண்டி என்றே வைத்தால் வேருக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் எண்ணிக்கை வராது, டபுளையும் ட்ரிபிளையும் எப்படிச் சொல்வது? பாரைச் சமன் என்று வைத்துக்கொண்டு போகியை ஒருமிகை என்பதுதான் என் தேர்வு. இருமிகை, மும்மிகை என்று நீளும், மறுபக்கம், பாருக்குக் கீழே, பர்டிக்கு ஒருகுறை, ஈகிளுக்கு இருகுறை என்று வரிசை பிசகாமல் வரும். ஒரே சிக்கல், மிகை என்றால் தேவைக்கு மேற்பட்டது என்ற நெடி அடிக்கும், நமக்கோ அந்த ஓர் அடி தேவையானதுதான். எழுத்தில் ஒருமிகை என்று எழுதிக்கொள்ளலாம். மைதானத்தில் நான் போகி என்றுதான் சொல்கிறேன், கூட ஆடுகிறவர்களுக்கும் அதுதான் புரிகிறது.