கான்கிரீட்டுக்குள் ஒரு கண்ணாடி இழை

ஒளியைக் கடத்தும் ஒளியிழையில் இருக்கும் கண்ணாடியின் குறுக்களவு 125 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு). பிளாஸ்டிக் பூச்சையும் சேர்த்தால்கூடக் கால் மில்லிமீட்டர்தான் வரும். ஒரு பாலம் எங்கே நீள்கிறது, எங்கே சுருங்குகிறது என்று வருடக்கணக்கில் கவனித்துச் சொல்லும் வேலையை இந்த இழையிடம் ஒப்படைத்து, கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். புதைக்கிற அன்றே அது அறுந்துபோக வழிகள் ஏராளம். 20 மில்லிமீட்டர் ஜல்லி மேலிருந்து கொட்டும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பக்கத்தில் இறங்கும், கட்டிய கம்பி மேல் ஆட்கள் பூட்ஸ் காலோடு நடப்பார்கள்.

அப்படியானால் கனமான குழாய்க்குள் போட்டு வைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கான்கிரீட்டை இழுத்தால், மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீள்வதற்குள்ளேயே விரிசல் விடத் தொடங்கிவிடும். இவ்வளவு சின்ன அசைவு உறையைத் தாண்டிக் கண்ணாடிக்குப் போய்ச் சேர வேண்டும். உறை மெத்தென்று இருந்தாலும் சரி, உள்ளே இழை வழுக்கினாலும் சரி, அசைவில் ஒரு பகுதி வழியிலேயே காணாமல் போய்விடும். போர்வைக்கு மேல் கைவைத்து நாடி பார்க்கிற கதைதான். தொலைத்தொடர்புக் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளியே எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இழைக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே, களிம்பு நிரப்பிய குழாயில் அதைத் தளர்வாக விட்டிருப்பார்கள். கான்கிரீட்டில் அது நன்றாகவே பிழைத்துக்கிடக்கும். ஆனால் உருப்படியாக எதுவும் சொல்லாது.

அடி உதைக்கு அப்புறம் வருவது வேதியியல். சிமென்ட் இறுகியபின் அதன் நுண்துளைகளில் தேங்கும் நீரின் பிஹெச் மதிப்பு 12.5-ஐத் தாண்டும். இந்தக் கடுமையான காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும். இழையின் மேல் பூசும் பிளாஸ்டிக்குகளில் அக்ரிலேட் பூச்சு இதற்குத் தாங்காது. பாலிஇமைடு பூச்சு விறைப்பானது, அசைவை நன்றாகவே கடத்தும். ஆனால் காரத்தில் ஊறினால் அதுவும் நைந்துபோகும். பூச்சு போனபின் ஈரமும் இழுவிசையும் சேர்ந்துகொண்டால், கண்ணாடியின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் நுண்கீறல்கள் நாளாக ஆக நீளும். ஒரு நாள் இழை முறியும்.

சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான 'சோஃபோ' உணரி, இழைக்குக் காப்பும் வேண்டும், அசைவும் அதற்குப் போய்ச் சேர வேண்டும் என்ற இந்த முரண்பாட்டுக்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் இரண்டு இழைகள். ஒன்றை முன்கூட்டியே இழுத்து, குழாயின் இரு முனைகளிலும் உள்ள நங்கூரத் துண்டுகளில் பிணைத்திருப்பார்கள். இன்னொன்று தொளதொளவென்று கிடக்கும். கான்கிரீட் பிடித்துக்கொள்வது அந்த நங்கூரங்களைத்தான். இடையில் எந்த இடத்திலும் அது கண்ணாடியைத் தொடுவதே இல்லை. நங்கூரங்கள் விலகினால் முதல் இழை நீளும். முன்பே இழுத்துவைத்திருப்பதால், அவை நெருங்கினாலும் தொய்ந்துவிடாமல் அதையும் காட்டும். வெயில், குளிர் இரண்டு இழையையும் ஒன்றுபோலப் பாதிப்பதால், இரண்டின் நீள வித்தியாசத்தை ஒளியின் குறுக்கீட்டால், அதாவது இரண்டிலும் போய்த் திரும்பும் ஒளியலைகளை ஒன்றுசேர்த்து, அளக்கும்போது வெப்பநிலையின் விளைவு கழிந்துபோகும். பல மீட்டர் நீளமுள்ள உணரியிலும் 2 மைக்ரோமீட்டர் மாற்றத்தைப் பிடித்துவிடலாம். ஜெனீவா அருகே வெர்சுவா பாலத்தை அகலப்படுத்தியபோது, 1996-ல் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளைப் புதைத்தார்கள். பழைய கான்கிரீட்டோடு ஒட்டிய புதுக் கான்கிரீட் உலரும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி.

இத்தனை செய்தும் உணரியை இழக்கும் இடம் ஒன்று உண்டு: கேபிள் கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் விளிம்பு. உள்ளே இறுக்கமான பிடி, வெளியே ஒரு பிடியும் இல்லை. சென்ட்ரிங் பலகையைக் கடப்பாரையால் நெம்பிப் பிரிக்கும்போது ஒரு தட்டு போதும், இழை அங்கேயே ஒடிந்துவிடும். அதனால் பலகையின் உள்முகத்தில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, இணைப்பானைச் சுருட்டி அதற்குள் வைத்து மூடிவிடுவார்கள். பலகையைப் பிரித்தபின் மூடியைத் திறந்தால் போதும். உள்ளேயும் கேபிளைக் கம்பியின் மேல்புறம் ஓட்டாமல் பக்கவாட்டிலோ அடியிலோ ஓட்டினால் கொட்டும் ஜல்லி நேராக அதன்மேல் விழாது. கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினால் இழை நசுங்கி, அந்த இடத்தில் ஒளி கசியும். பிளாஸ்டிக் பட்டைகொண்டு இறுக்காமல் கட்டுவதே நல்லது.

புதைத்தபின் தோண்டி எடுத்துப் பழுதுபார்க்க முடியாது. அதனால் நீளமான ஒற்றை இழையையே உணரியாக ஓட்டும் இடங்களில், அதன் இரு முனைகளையும் வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். நடுவில் எங்காவது அறுந்தால், உள்ளே அனுப்பிய ஒளித்துடிப்பு எதிரொளித்துத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து அறுந்த இடத்தைக் கணக்கிடலாம். சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு அளக்கும் கருவி என்றால், அறுந்த இடம்வரை ஒவ்வொரு முனையிலிருந்தும் தொடர்ந்து அளக்கவும் முடியும்.