தாயின் களைப்பு எங்கிருந்து வருகிறது?

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையை வளர்க்கும் தாயிடம் வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொல்வது, "மனசைத் தளர விடாதேம்மா." ஆனால் அவருடைய மன அழுத்தம் மனத்தோடு நிற்பதில்லை. ரத்தம், தூக்கம், செல்கள் வரை அது இறங்குகிறது.

ஓர் அவசரம் என்றால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஏறும், உடல் தயாராகும். ஆபத்து நீங்கியதும் அதே கார்ட்டிசால் மூளையை எட்டி, சுரந்தது போதும் என்று அடக்கும். ஆபத்து நீங்கவே இல்லையென்றால்? இரவில் பலமுறை விழிக்கும் பிள்ளை, எப்போது வருமென்று தெரியாத வலிப்பு, கையை உதறிவிட்டுச் சாலைக்கு ஓடிவிடுமோ என்ற பயம். இது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. காலையில் உச்சத்துக்குப் போய் இரவில் தணிய வேண்டிய கார்ட்டிசாலின் தாளம் குலைகிறது. சிலருக்கு அதன் அளவு கூடுவதற்குப் பதில் குறைந்தே போகிறது. ஆட்டிசமுள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் இப்படிக் கண்டிருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், எலிசா எபல் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 58 தாய்மார், அவர்களில் 39 பேரின் குழந்தைகளுக்கு நாள்பட்ட நோய். குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டீலோமியர், செல் பிரியப் பிரியக் குறுகும். அதன் நீளத்தை அளந்தார்கள். நோயுள்ள குழந்தை இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு தாயின் டீலோமியர் குறுகியிருக்கவில்லை. பராமரித்த ஆண்டுகள் கூடக்கூட, உணர்ந்த அழுத்தம் கூடக்கூடத்தான் குறுகியிருந்தது. சிறிய ஆய்வுதான், காரணத்தை அது நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. அழுத்தம் குழந்தையின் குறைபாட்டோடு ஒட்டிப் பிறந்ததல்ல என்றால், அதைக் குறைக்க வழி இருக்கிறது.

வேறு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தத்தோடு கூடுதலாகப் பொருந்தியது அறிவு வளர்ச்சியின் தாமதமல்ல; அடம், அடித்தல், கத்தல் போன்ற நடத்தைச் சிக்கல்கள். இது இருபுறமும் ஓடும். பிள்ளையின் நடத்தை தாயை நெருக்குகிறது, நெருக்கப்பட்ட தாயின் பொறுமை குறைகிறது, நடத்தை இன்னும் மோசமாகிறது. இதைச் சொல்லித் தாயின் மேல் பழிபோடுவது கொடுமை. தூங்காத உடலிலிருந்து பொறுமையை எப்படி எதிர்பார்ப்பது?

அழுத்தம் மிகுந்த தாய்க்கு மகிழ்ச்சியே இல்லை என்று நினைப்பதும் தவறு. பிள்ளை முதன்முறையாகத் தானே சட்டை மாட்டிக்கொண்ட நாளின் பூரிப்பும் அன்றிரவின் அயர்ச்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும்.

உதவி எங்கே தேவை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. முதலில் தூக்கம்: வாரத்தில் சில மணி நேரமாவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான இன்னொருவர் வேண்டும். அது தந்தையாக இருந்தால் அதற்கு 'உதவி' என்று பெயரும் வேண்டாம். அடுத்தது நடத்தை. சொல்லத் தெரியாததால்தான் பல குழந்தைகள் தலையை மோதிக்கொள்கின்றன. 1985இல் உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும், பாடம் கடினமாக இருக்கும்போது உதவி கேட்கவும், கவனம் வேண்டும்போது அதைக் கேட்கவும் சில குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தைச் சிக்கல்கள் வெகுவாகக் குறைந்தன. பேச்சு வராத பிள்ளைக்குச் சைகையோ பட அட்டையோ போதும். இதைத் தாய்க்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பயிற்சியாகவே கற்றுத் தரலாம்.