'ரத்தப் பூச்சி' என்று ஒரு நோய் இல்லை

"ரத்தப் பூச்சிக்கு ஊசி போட்டாச்சு சார், காய்ச்சல் இறங்கவே இல்ல." இந்த வாரமும் ஒரு ஜெர்சி கலப்பின மாடு இப்படித்தான் வந்தது. என்ன ஊசி என்றால், மஞ்சள் பொடியைக் கரைத்துப் போட்டார்களாம். அதாவது டிமினாசீன் என்ற மருந்து. தோள்முன் நிணநீர்க்கட்டி எலுமிச்சை அளவு வீங்கியிருக்கிறது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் தைலேரியா என்ற சந்தேகமாவது வந்திருக்கும்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரத்தப் பூச்சி என்பது ஒரே நோய் இல்லை. தைலேரியா, பபீசியா, டிரிப்பனோசோமா, அனாபிளாஸ்மா என வேறு வேறு கிருமிகளால் வரும் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். மஞ்சள் பொடி பபீசியாவுக்கும் டிரிப்பனோசோமாவுக்கும் கேட்கும். தைலேரியாவுக்கு புபார்வகுவோன் என்ற வேறு மருந்து வேண்டும். அனாபிளாஸ்மா பாக்டீரியா, அதற்கு ஆக்சிடெட்ராசைக்ளின். "எல்லாம் உண்ணியால வர்றதுதானே, ஒரே ஊசி போதாதா?" என்பார்கள். முதலில், டிரிப்பனோசோமாவைப் பரப்புவது உண்ணியே இல்லை, கடிக்கும் ஈ. உண்ணியால் வருவதிலும் மருந்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கிருமிதான்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அனாபிளாஸ்மா சிவப்பணுவின் ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் தெரியும். 1910இல் தைலர் என்ற ஆய்வாளர் விவரித்த பிறகு நெடுங்காலம் அதைப் புரோட்டோசோவாக்களோடுதான் (ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள்) சேர்த்துப் பேசினார்கள். 2001இல் அந்தப் பாக்டீரியாக் குடும்பத்தையே மரபணு வரிசையை வைத்து மாற்றி அடுக்கினார்கள். எபெரித்ரோசூன் என்று நாங்கள் படித்த இன்னொரு ரத்தக் கிருமிக்கு இப்போது மைக்கோபிளாஸ்மா என்று பெயர். (பழைய பாடநூலை வைத்துத் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகள் கவனிக்கவும்.)

தைலேரியாவிலும் இதே கதை. அதன் இரண்டு இனங்களான அனுலேட்டாவும் ஓரியன்டாலிஸும் சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஸ்லைடை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. ஓரியன்டாலிஸ் சாது என்றே நம்பியிருந்தோம். வயநாட்டில் கலப்பின மாடுகள் அதனால் இறந்தது 2011இல் ஆய்விதழில் வந்தது. கிருமியின் 18எஸ் என்ற மரபணு இனத்தைச் சொல்லும். ஓரியன்டாலிஸின் உள்வகைகளில் இக்கேடாவா, சித்தோசேவா, பஃபெலியா என்று பிரிக்க எம்பிஎஸ்பி என்ற இன்னொரு மரபணுவைப் படிக்க வேண்டும். "தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் தைலேரியாவா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. நம்மிடம் உள்ள தடுப்பூசி அனுலேட்டாவுக்கு மட்டும்தான்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. மரபணு வரிசைத் தரவுதளத்தில் தேடி முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்த வரிசையைப் போட்டவரே தப்பாகப் பெயர் வைத்திருக்கலாம்.

பிசிஆர் (மரபணுச் சோதனை) பாசிட்டிவ் என்றவுடன் பதறவும் வேண்டாம். குணமான மாட்டின் ரத்தத்திலும் கிருமி நெடுநாள் தங்கும். காய்ச்சலும் சோகையும் இல்லாமல் நன்றாகத் தின்கிற மாட்டுக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து ஊசி போடாதீர்கள்.

ரத்தம் எடுப்பது ஊசிக்கு முன்னால், பின்னால் இல்லை. ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுத்து மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். பச்சை மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். காது நுனி ரத்தத்தில் மெல்லிய ஸ்லைடு இரண்டு, ஈ மொய்க்காமல் உலர்த்தி, ஃபார்மலின் பக்கமே போகாமல் அனுப்புங்கள். குழாய் மட்டும் ஐஸ் பெட்டியில், ஸ்லைடு வெளியே.

மரபணு முடிவு வரும்வரை மாட்டைக் காக்கவைக்கச் சொல்லவில்லை. ஸ்லைடை அன்றே பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். அவசரம் புரிகிறது அண்ணே, ராத்திரி பதினொரு மணிக்கு மாடு படுத்துவிட்டால் யாருக்கும் கை ஓடாது. ஆனாலும் அந்த ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துவைத்துவிட்டு ஊசியைப் போடச் சொல்லுங்கள்.