ட்ரெய்னரின் வெற்றி சதவீதத்தை நம்பிப் பந்தயம் கட்டுமுன்

ரேஸ் புத்தகத்தைப் புரட்டுபவர்கள் குதிரைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது, அதைப் பழக்கி ரேஸுக்குத் தயார் செய்யும் ட்ரெய்னரின் பெயரைத்தான். இந்த சீசனில் அவர் ஓடவிட்ட குதிரைகள் எத்தனை, அதில் ஜெயித்தவை எத்தனை என்று ஒரு சதவீதம் கிடைக்கும். "நூற்றுக்கு 22 ஜெயிக்கிறார், இவர் குதிரைகள் மேலேயே கட்டலாம்" என்று முடிவெடுப்பவர்கள் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். மீதிப் பாதி, விலை: ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் லாபம் என்பது.

ஒன்றுக்கு மூன்று விலையில் 100 ரூபாய் கட்டினால், ஜெயிக்கும்போது 400 ரூபாய் திரும்பி வரும். நான்கில் ஒன்று ஜெயித்தால்தான் போட்ட பணமாவது மிஞ்சும். அந்த 22 சதவீத ட்ரெய்னரின் குதிரைகள் சராசரியாக இந்த விலையில் ஓடினால், 100 பந்தயங்களுக்கு 10,000 ரூபாய் போட்டு 8,800 ரூபாய்தான் எடுப்பீர்கள். இன்னொருவர் நூற்றுக்கு 12 மட்டுமே ஜெயிக்கிறார், ஆனால் எல்லாம் ஒன்றுக்கு ஒன்பது விலையில் என்று வையுங்கள். அதே 10,000 ரூபாய்க்கு 12,000 வரும். புகழ்பெற்ற ட்ரெய்னரின் குதிரை என்றால் கூட்டம் அங்கேதான் போகும், விலை இறங்கிவிடும். வில்லி மல்லின்ஸ் 2024-இல் பிரிட்டனின் ஜம்ப் ரேஸ்களில் (தடை தாண்டும் ஓட்டங்களில்) சாம்பியன் ட்ரெய்னர் ஆனார். 1954-க்குப் பிறகு அயர்லாந்திலிருந்து அந்தப் பட்டத்தைப் பிடித்த முதல் ஆள் அவர்தான். அவருடைய திறமை ஊரறிந்தது. புக்கி, அதாவது பந்தயப் பணத்தை வாங்குபவர், விலை வைக்கும்போதே அதையும் சேர்த்துத்தான் வைக்கிறார்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விலை சொல்வதைவிட இந்த ட்ரெய்னர் அதிகமாக ஜெயிக்கிறாரா? இதைக் கணக்கிட ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ரேஸ் தொடங்கும்போது ஒவ்வொரு குதிரைக்கும் இருந்த கடைசி விலையோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுங்கள். ஒன்றுக்கு மூன்று என்றால் 0.25. ஒரு ரேஸில் ஓடும் எல்லாக் குதிரைகளுக்கும் இதைக் கூட்டினால் 1 வராது; 1.15, 1.18 என்று கூடுதலாக வரும். அந்தக் கூடுதல்தான் புக்கியின் பங்கு. கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் வகுத்துச் சரிசெய்த பிறகு, உங்கள் ட்ரெய்னரின் குதிரைகளுக்கு மட்டும் கூட்டுங்கள். எதிர்பார்க்கத்தக்க வெற்றிகளின் எண்ணிக்கை அது.

100 ஓட்டங்களில் எதிர்பார்ப்பு 18, உண்மையில் ஜெயித்தது 22 என்று வந்தால் விகிதம் 1.22. கண்ணைக் கவரும் எண். ஆனால் 100 ஓட்டங்களில் மூன்று நான்கு வெற்றிகள் மேலும் கீழும் போவது இயல்பு. எந்தத் தனித்திறமையும் இல்லாமலே ஏறத்தாழ ஆறில் ஒரு முறை இப்படி அமைந்துவிடும். போதாததற்கு, அந்தக் கூட்டுத்தொகை 1.18 என்றால், விகிதம் 1.18-ஐத் தாண்டிய பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபாயே வரும்.

சின்ன எண்ணிக்கை இன்னும் ஆபத்தானது. 20 ஓட்டங்களில் 5 வெற்றி என்பதை 25 சதவீதம் என்று அச்சிடுவார்கள். அந்த 20-ஐ மட்டும் வைத்துச் சொன்னால் உண்மையான வீதம் 11-ஆகவும் இருக்கலாம், 47-ஆகவும் இருக்கலாம். "இந்த மைதானத்தில், இந்த ஜாக்கியோடு, 1,200 மீட்டரில்" என்று நறுக்க நறுக்க எண்ணிக்கை சுருங்கும், சதவீதம் மட்டும் அழகாகிக்கொண்டே போகும். 40 ட்ரெய்னர், 10 மைதானம் என்றால் 400 ஜோடிகள். இருபதில் ஒன்று தற்செயலாகவே பளிச்சென்று தெரியும் என்று வைத்தாலும் 20 "ரகசியங்கள்" கிடைத்துவிடும். காசு வாங்கிக்கொண்டு டிப்ஸ் விற்பவர்களின் பட்டியல் பெரும்பாலும் இந்த வகைதான்.

லாபம் காட்டும் எந்தப் பட்டியலிலும் அதிக விலையில் ஜெயித்த ஒரு குதிரையை நீக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு 33-இல் வந்த ஒரே ஒரு வெற்றி, 30 தோல்விகளை மூடி மறைத்திருக்கும். விதியை ஒரு சில ஆண்டுகளின் முடிவுகளிலிருந்து எடுத்தால், அதைச் சோதிப்பது வேறு ஆண்டுகளின் முடிவுகளில் இருக்க வேண்டும். மெய்டன் ரேஸையும் (இதுவரை ஜெயிக்காத குதிரைகள் ஓடுவது) ஹேண்டிகேப் ரேஸையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது; ஹேண்டிகேப்பில் நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவதால் நல்ல குதிரைகள் வைத்திருக்கும் ட்ரெய்னரின் வீதம் பெரும்பாலும் இறங்கும்.

இவ்வளவையும் தாண்டி ஒரு விதி தேறினாலும், இந்தியாவில் வரி நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அது லாபத்தின் மேல் அல்ல, கட்டும் தொகையின் மேல். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு வரியைத் தனியாக வசூலித்தால் கையிலிருந்து போவது 140. ஒன்றுக்கு மூன்று விலையில் திரும்புவது அதே 400. ஆக, 25 சதவீதம் ஜெயித்தால் போதும் என்ற கணக்கு 35 சதவீதமாகிறது. வருமான வரி வேறு: ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம், அதன்மேல் செஸ். பந்தயம் கட்டித் தோற்ற பணத்தை இதில் கழிக்க முடியாது. ஆண்டில் ஒரு லட்சம் ஜெயித்து ஒன்றே கால் லட்சம் தோற்றவருக்கும் அந்த ஒரு லட்சத்துக்கு வரி உண்டு. வரி ஆலோசனைக்கு வருபவர்களை அதிர வைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

"குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கிண்டி ரேஸ் தொடர்பான வழக்கில் 1996-இல் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. அது சூதாட்டச் சட்டம் பொருந்துமா என்ற கேள்விக்கான பதில். கட்டுபவருக்கு லாபம் வருமா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை.

புள்ளிவிவரத்தில் ஆர்வம் இருந்தால், 300 ரேஸ்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல் நோட்டில் மட்டும் கட்டுங்கள். ரேஸ் தொடங்குமுன் தேதி, குதிரை, அப்போதைய விலை. முடிந்தபின் கடைசி விலை, முடிவு, வரி போக மிச்சம். ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இந்த நோட்டு உதவாது. அவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.