கிரெலின்: பசியை எழுப்பும் சுரப்புக்கு என்ன பெயர் வைக்கலாம்?

பால் கறக்கும் நேரம் நெருங்கினால் கட்டுத்தறியில் கன்று நிலைகொள்ளாது. கயிற்றை இழுக்கும், கத்தும். வாளிச் சத்தம் கேட்பதற்கு முன்பே அதற்கு நேரம் தெரிந்துவிடுகிறது. வேளை தவறாமல் தீனி வாங்கிப் பழகிய உடம்பில், அந்த நேரத்துக்குச் சற்று முன் வயிற்றிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் ஏறும். அதன் பெயர் கிரெலின்.

1999-இல் ஜப்பானைச் சேர்ந்த மசயாசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் அவர்களது குழுவினரும் எலியின் இரைப்பையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது பசியை அல்ல. வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் ஒரு பொருளைத் தேடினார்கள். அது மூளையில் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், கிடைத்ததோ வயிற்றில். அதனால் பெயரிலும் வளர்ச்சியே இருக்கிறது. 'கிரே' என்பது 'வளர்' என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். 'ரெலின்' என்ற ஈறு, வேறொன்றை வெளிவிடச் செய்யும் பொருள்களுக்கு வைப்பது. பசியைத் தூண்டும் வேலையும் இதற்கு உண்டு என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் தெரிய வந்தது.

அந்த வேரில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் வளர்வதைக் குறிக்கும் சொல், பச்சையைக் குறிக்கும் சொல், புல்லைக் குறிக்கும் சொல் மூன்றும் அதிலிருந்தே கிளைத்தவை. பாலை விட்டுப் புல்லுக்கு மாறும் கன்றைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. நம் பசியும் பசுமையும் பசுவும் இப்படித்தான் ஒரே வேரா என்று கேட்கத் தோன்றும். ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிடக் கூடாது. 'பசு' வடமொழி வழி வந்தது, 'பசுமை' தமிழ்.

சரி, கன்றின் வயிற்றுக்கு வருவோம். பிறந்த கன்றுக்கும் நான்கு அறைகள் உண்டு. ஆனால் வேலை செய்வது நான்காம் வயிறுதான். அப்போது அதுவே பெரியது. குடிக்கும் பால், உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு பள்ளம் குழாய்போல் மடிந்துகொள்வதால், முதல் அறையான அசையூண் வயிற்றைத் தொடாமல் நேரே அங்கே போய்விடும். கிரெலின் முக்கியமாகச் சுரப்பதும் இந்த நான்காம் வயிற்றின் சுவரில்தான். வளர்ந்த மாட்டில் கணக்கு தலைகீழ்: அசையூண் வயிறு மட்டுமே மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது வயது மட்டுமல்ல, தீனியும்தான். கன்று அடர்தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கியதும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. அசையூண் வயிற்றின் உட்சுவரை வளர்ப்பவை இவை, குறிப்பாகப் பியூட்டிரிக் அமிலம். பால் குடித்த நாளில் பால் சர்க்கரையிலிருந்து நேராகக் கிடைத்த குளுக்கோசை, இனி புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து ஈரல்தான் செய்து தர வேண்டும். இரத்தச் சர்க்கரை பால்குடிக் கன்றில் இருந்த அளவுக்கு இருப்பதில்லை. பால் குடித்ததும் ஏறிக்கொண்டிருந்த இன்சுலினின் ஏற்ற இறக்கமும் மாறுகிறது. பசியும் நிறைவும் வேறு செய்திகளைக் கேட்டு நடக்கப் பழக வேண்டும்.

வேளையும் முக்கியம். செம்மறியாடுகளில் பார்த்தபோது, நாளுக்கு எத்தனை முறை தீனி வைத்தார்களோ அத்தனை முறை, வேளைக்கு முன் கிரெலின் ஏறியது. எந்நேரமும் தீனி முன்னால் இருந்த ஆடுகளில் அந்த ஏற்றம் இல்லை. இரு வேளைப் பாலிலிருந்து நாள் முழுதும் மேயும் வாழ்வுக்குப் போகும் கன்றுக்கு இது பெரிய மாற்றம்.

இன்னொரு நுட்பம். கிரெலின் சும்மா சுரந்தால் பசிக்காது. எட்டுக் கரியணுக்கள் உள்ள ஒரு கொழுப்பு அமிலம் அதில் ஒட்ட வேண்டும். காப்ரிலிக் அமிலம் என்று அதற்குப் பெயர். வெள்ளாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆட்டுப்பாலிலும் தேங்காய் எண்ணெயிலும் இருக்கிறது, பசும்பாலிலும் சிறிதளவு. இந்த வகைக் கொழுப்பைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஒட்டிய கிரெலினின் அளவு கூடியது. ஆகவே என்ன தின்கிறோம் என்பது, பசிக்கும் சுரப்பின் வடிவத்தையே தொடுகிறது.

பால் நிறுத்துவதை நாம் 'பால் மறக்கடித்தல்' என்கிறோம். ஆங்கிலச் சொல்லான 'வீன்' என்பதன் பழம்பொருள் 'பழக்குதல்'. ஒன்று விட்டுவிடுவதைச் சொல்கிறது, மற்றது புதியதைக் கற்பதை. கன்றுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். திடீரென்று வாய்க்கூடு கட்டி மறக்கடித்தால், வயிறு இன்னும் பழகியிருக்காது. பசி இருக்கும், அதைத் தீர்க்கும் உறுப்பு தயாராக இராது. பாலைப் படிப்படியாகக் குறைத்து, அடர்தீவனம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவை எட்டி, சில நாள் அதே அளவில் நின்ற பிறகு நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

இனித் தமிழ்ப்பெயர். ஹார்மோன் என்பது 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். 'கிளப்பிவிடு' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் இயக்குநீர் என்பது அதற்கு நன்றாகவே பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் ஓமோன். கிரெலினை வேர்ச்சொல்படி மொழிபெயர்த்தால் 'வளரூக்கி' என்றாகும். ஆனால் ஹார்மோன் முழுமைக்குமே அச்சொல் வழங்குவதால் குழப்பம் வரும். 'பசித்தூண்டி' என்றால், பசியெடுக்கக் கொடுக்கும் மருந்தை நினைப்பார்கள். 'பசிச்சுரப்பு' என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. எப்படி வருகிறது, என்ன செய்கிறது இரண்டும் அதில் தெரிகிறது. 'மடி சுரக்கிறது' என்று தினமும் சொல்கிறவருக்கு அதை விளக்க வேண்டியதும் இல்லை. வேதிப்பெயராக எழுதும் இடத்தில் கிரெலின் இருக்கட்டும். கிரந்த எழுத்தில்லாமலே அது தமிழில் உட்கார்ந்துவிடுகிறது. கன்று வளர்ப்பவரிடம் பேசும்போது மட்டும் இப்படி: "தீனி வேளையை மாற்றாதீர்கள், பசிச்சுரப்பு அந்த வேளைக்குப் பழகியிருக்கிறது."