சித்திரையில் திறந்து ஐப்பசியில் மூடும் சுவர்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சமையலறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரை செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல். மேஸ்திரி இரண்டு தடவை சிமெண்ட் அப்பியும் மறுபடி வந்துவிட்டது. அடுப்படி தென்மேற்கில் இருப்பதுதான் காரணம் என்கிறாராம் வாஸ்து பார்ப்பவர்.

தென்மேற்கு பாவம், அதை விட்டுவிடலாம். அந்த மூலைக்கு வெளியே ஒரு வேப்பமரம் நிற்கிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாரே, எனக்கு வேண்டியது அதுதான்.

பூச்சில் தலைமுடி போல ஓடும் விரிசல், சிமெண்ட் காய்ந்து சுருங்குவதால் வருவது. தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக வந்தால் கோழிவலை அடித்துப் பூசலாம். சாய்வாகப் படியேறும் விரிசலைப் பார்த்தால் மட்டும் தரையைச் சந்தேகிக்க வேண்டும். செங்கல்லைவிட இடையிலுள்ள கலவை பலவீனம் என்பதால் அதன் வழியே ஏறுகிறது.

சென்னையின் கடலோரம் பெரும்பாலும் மணல். வேளச்சேரி, தரமணிப் பக்கம் பல இடங்களில் களிமண். இவ்வகைக் களிமண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் இருக்கும். அப்பளக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒவ்வொன்றும் சுமார் 1 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனம். தகடுகளுக்கு எதிர்மின்சுமை. அதைச் சமன்செய்ய சோடியம், கால்சியம் அயனிகள், அதாவது நேர்மின்சுமை கொண்ட அணுக்கள், இடையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த அயனிகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மழை வந்ததும் நீர் மூலக்கூறுகளை உள்ளே இழுத்து வரிசையாக நிற்கவைக்கின்றன. இரண்டு வரிசை நுழைந்தாலே 1 நானோமீட்டர் அடுக்கு 1.5 ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத இந்த அப்பளங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து மூச்சை இழுத்தால் வீடே எழும்பும்! வெயிலில் நீர் வெளியேறினால் மண் சுருங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் தங்கிவிடும். வேம்பு உறிஞ்சும் மூலை மட்டும் காய்ந்து இறங்கும். அதனால்தான் விரிசல் மேலே அகலம், கீழே குறுகல்.

மேஸ்திரி அடைத்தது கோடையில், விரிசல் திறந்திருந்தபோது. ஐப்பசியில் மண் வீங்கிச் சுவர் மூட வந்தால், நடுவே சிமெண்ட் ஆப்பு. பக்கத்தில் வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. பருவம் மாறினாலும் ஈரம் மாறாத ஆழத்துக்கு அது இறங்கிவிடும். ராக்கெட்டுக்குக் கை தட்டுகிற நாம் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம். வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்கத் தயங்காதவர்கள் மண் பரிசோதனைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி வேலை. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். அது நுழைகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஒரு வருடம் பொறுக்கலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், கதவு இறுகினால், உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் அஸ்திவாரத்தில் கொட்டாமல் தள்ளிவிடுங்கள். அசைவு அடங்கிய பிறகு, தளர்ந்த கலவையைச் சுரண்டி எடுத்து, நனைத்து, சுருங்காத கலவையால் நிரப்பலாம். அடங்காவிட்டால் வளைந்துகொடுக்கும் சீலண்ட்தான்.

அப்புறம், வேப்பமரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். வேர் உறிஞ்சுவது சட்டென நின்றால் மண் ஊறி வீங்கும். இதுவரை இறங்கிய மூலை மேலே எழும்பத் தொடங்கும்.